பதினான்காவது இடம்

இரண்டு விளம்பரங்களையும் அருள்மொழி மேசைமேல் அருகருகே வைத்தாள். முதலாவது 2017 நவம்பரில் வந்தது. இரண்டாவது 2019 பிப்ரவரியில், முந்தின நாள் வந்தது. இரண்டும் ஒரே வடநாட்டு மத்திய பல்கலைக்கழகத்துடையவை. பதவியும் ஒன்றே: கணினிவழிப் பொருளறிவியல், உதவிப் பேராசிரியர், ஓர் இடம். கல்வித் தகுதி, அனுபவம், கேட்டிருந்த கட்டுரைகளின் எண்ணிக்கை எதுவும் மாறவில்லை. கடைசிக் கட்டத்தில் மட்டும் பழையதில் 'பழங்குடியினர்' என்று இருந்தது, புதியதில் 'பொது' என்று இருந்தது.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் இருந்தது அந்த பிரவுசிங் சென்டர். அதை நடத்திய அம்சவள்ளி எட்டிப் பார்த்தார்.

"இன்னா டீச்சர், ஒரே பேப்பரை ரெண்டு தபா பிரிண்ட் போட்டுட்டனா?"

"இல்லக்கா. அவங்கதான் ஒரே வேலைக்கு ரெண்டு தபா போட்டிருக்காங்க."

"அப்ப நல்லதுதானே?"

அருள்மொழி பழைய விளம்பரத்தின் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தாள். முதல் விளம்பரத்துக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். நேர்காணலுக்குத் தேர்வான மூவரில் அவள் பெயர் முதலில் இருந்தது. நேர்காணல் தள்ளிப்போனது, பிறகு விளம்பரமே ரத்தானது. காரணம் நீதிமன்றத்தில் இருந்தது. அதுவரை ஒரு பல்கலைக்கழகத்தின் பணியிடங்களை எல்லாம் ஒன்றாக எண்ணி, அந்த மொத்தத்தில் இடஒதுக்கீட்டைப் பிரித்தார்கள். இனிமேல் ஒவ்வொரு துறையையும் தனித்தனியாக எண்ண வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. இனச்சுழற்சிப் பட்டியலில் நான்காவது இடம் பிற்படுத்தப்பட்டவருக்கு, ஏழாவது பட்டியல் சாதியினருக்கு, பதினான்காவது பழங்குடியினருக்கு. அந்தத் துறையில் மொத்தமே ஐந்து உதவிப் பேராசிரியர்கள். இந்த இடம் ஐந்தாவது. பட்டியலில் ஐந்தாவது பொது.

பதினான்காவது இடம் வர வேண்டுமானால் அந்தத் துறை இப்போது இருப்பதைப் போல மூன்று மடங்கு வளர வேண்டும். இருபத்தேழு ஆண்டுகளில் அது இரண்டு இடங்கள் வளர்ந்திருந்தது.

அவளுக்கு வயது முப்பத்து நான்கு. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியில் பிறந்து, வெள்ளிமலையில் பள்ளி முடித்து, பொருளறிவியலில் முனைவர் பட்டம் வாங்கியிருந்தாள். கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இயற்பியல் நடத்தினாள், ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில். பாடம் நடத்துவதில் அவளுக்குக் குறையில்லை. அவளுடைய கணக்குகள்தான் நின்றுபோயிருந்தன. ஒரு திடப்பொருளுக்குள் அணுக்கள் எப்படி அமைகின்றன என்று கணக்கிடும் வேலை அது. நூற்றுக்கணக்கான கணினிகளை இணைத்த பெரிய மையத்தில் ஒரு மணி நேரத்தில் முடிகிற கணக்கு, கல்லூரியின் ஒற்றைக் கணினியில் பத்தொன்பது நாள் ஓடும். பதினேழாவது நாள் கரண்டு போகும். அந்தப் பல்கலைக்கழகத்தில் பெரிய மையம் இருந்தது. அவளுக்கு வேண்டியது அந்த வேலையும் அந்த மையமும்தான்.

"பொதுன்னா எல்லாரும் போடலாம் இல்ல டீச்சர்?" என்றார் அம்சவள்ளி.

"போடலாம்க்கா. போடப்போறேன். கூடவே தில்லியில இருக்கற பழங்குடியினர் ஆணையத்துக்கு ஒரு மனுவும் போடப்போறேன். இந்த இடத்தை எப்படி மாத்துனாங்கன்னு."

"ரெண்டும் ஒரே கவர்லயா?"

"ரெண்டு கவர்."

*

அவளுடைய தம்பி வெற்றிவேல் கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டினான். மலையடிவாரத்தில் அதுதான் கடைசி ஊர். பேருந்தைத் தவறவிட்டவர்கள் ஜீப் ஸ்டாண்டில் பிச்சைமுத்துவிடம் ஒரு தகரத் துண்டு வாங்கிக்கொண்டு காத்திருப்பார்கள். தகரத்தில் பெயின்டால் எழுதிய எண் இருக்கும். ஒரு ஜீப்பில் பத்துப் பேர். பத்து எண் ஏறியதும் ஜீப் கிளம்பும். பதினொன்றாம் எண்காரர் அடுத்த ஜீப்பில் முதல் ஆள்.

அந்தச் சனிக்கிழமை அருள்மொழியின் கையில் இருபத்து மூன்று இருந்தது. வெற்றிவேலுடையது மூன்றாவது வண்டி. முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு அவனுக்கு விளம்பரத்தின் கதையைச் சொன்னாள்.

"இரு இரு. துறையில அஞ்சு பேரா?"

"அஞ்சு பேர்."

"நமக்குப் பதினாலாவதா?"

"ஆமாடா."

"அஞ்சு பேரு குந்துற வண்டியில பதினாலாவது ஆளுக்கு சீட்டு போட்டு வச்சிக்கினு இருக்கானுங்களா? சோக்காகீதே."

பின்னால் மரவள்ளிக் குச்சிக் கட்டோடு உட்கார்ந்திருந்த குஞ்சம்மாள் சிரித்தார். "எந்த ஊரு ஸ்டாண்டுடா அது?"

"வடக்க எங்கியோ, அத்தை. இங்கயும் அப்படி ஒரு தபா நடந்துச்சு, தெரியுமில்ல?"

போன ஆண்டு பிச்சைமுத்து மகள் கல்யாணத்துக்குப் போயிருந்த வாரத்தில் வேறொருவர் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டார். ஒரு ஜீப் கிளம்பியதும் அவர் தகரங்களை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு, அடுத்த ஜீப்புக்கு ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார். எண் கொடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் நின்றவர்களே ஒவ்வொரு முறையும் ஏறினார்கள். வாசலுக்கு வெளியே நின்ற ஏழெட்டுப் பேர் இருட்டும்வரை நின்றார்கள். கடைசியில் அவர்கள் ஜீப்பின் முன்னால் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். முதலில் உட்கார்ந்தவர் குஞ்சம்மாள்.

"வண்டி மாறுனா என் நெம்பரு எப்படிடா மாறும்னு கேட்டேன்," என்றார் அவர். "அந்தாளுக்கு வாய் வரல."

"நீ இன்னாக்கா பண்ணப்போற?" வெற்றிவேல் ஸ்டியரிங்கை வளைத்தபடி கேட்டான்.

"பொதுவுலயே போட்டிருக்கேன்."

"சாதிச் சான்றிதழ் வச்சியா?"

"வச்சேன்."

"பொதுவுக்கு எதுக்கு? வைக்காம வுட்டிருந்தா யாருன்னே தெரியாது. படிப்பைப் பாத்துட்டு எடுத்துடுவானுங்க."

"தெரியாம போய் உட்கார்றதுக்கா வெற்றி இவ்ளோ படிச்சேன்?"

அவன் கொண்டை ஊசி வளைவில் ஹாரனை நீளமாக அடித்தான்.

*

வேலை அசாதாரண வேகத்தில் நடந்தது. விளம்பரம் வந்த மூன்றாவது வாரத்தில் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. மார்ச் ஐந்து, செவ்வாய்க்கிழமை, காணொளி வழியாக. தீர்ப்பை மாற்ற மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவரக்கூடும் என்று செய்தித்தாள்கள் எழுதிக்கொண்டிருந்தன. அதற்குள் ஆளைப் போட்டுவிட வேண்டும் என்று சில இடங்களில் அவசரப்பட்டார்கள். அதே செவ்வாய்க்கிழமைக்கு ஆசிரியர் சங்கங்களும் பழங்குடி அமைப்புகளும் நாடு தழுவிய முழு அடைப்பு அறிவித்திருந்தன.

திங்கட்கிழமை மதியம் தெய்வசிகாமணி போன் செய்தார். முனைவர் பட்ட ஆய்வில் அவளுக்கு மூன்று ஆண்டு சீனியர். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு விவசாயக் குடும்பம். இப்போது அதே பல்கலைக்கழகத்தில், அதே துறையில் உதவிப் பேராசிரியர்.

"அருளு, எப்படிம்மா இருக்கற? அந்த பழைய கம்ப்யூட்டர் ஓடுதா?"

"பன்னெண்டாவது நாள் ஓடிக்கினு இருக்குதுண்ணா. கண்ணு போட்டுறாதீங்க."

அவர் சிரித்தார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "ஆணையத்துலருந்து இங்க கடிதம் வந்திருக்கு. நீதான் மனு போட்டியாமே?"

"ஆமாண்ணா."

"ஏம்மா இப்ப போய்? துறைத் தலைவர் ரொம்ப டென்ஷனா இருக்காரு. நான் பேசிப் பாத்தேன். ஒரு ப்ராஜெக்ட்ல சயின்டிஸ்ட் போஸ்ட் இருக்கு. மூணு வருஷம். நல்ல சம்பளம். பெரிய மெஷின்ல உனக்குத் தனி அக்கவுன்ட். நாளைக்கே ஆர்டர் போடச் சொல்றேன். நீ ஒரே ஒரு மெயில் அனுப்பணும், மனுவை வாபஸ் வாங்கறேன்னு."

அருள்மொழி ஆய்வகத்தின் மூலையைப் பார்த்தாள். கணினியின் விசிறி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. தனி அக்கவுன்ட் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். ஐந்து ஆண்டுகளாக நோட்டில் மட்டும் இருந்த கணக்குகளை ஒரு மாதத்தில் முடித்துவிடலாம்.

"மூணு வருஷத்துக்கு அப்புறம்ண்ணா?"

"அப்புறம் பாத்துக்கலாம்மா. உள்ள வந்துட்டா எல்லாம் ஈஸி."

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா, கோச்சிக்காதீங்க. நீங்க அந்த அஞ்சுல எத்தனாவது?"

"நாலாவது," என்றார் தெய்வசிகாமணி.

"நாலாவது இடத்துக்காக எத்தனை பேர் ரோட்டுல நின்னாங்கன்னு நீங்கதான் எனக்குச் சொன்னீங்க. லேப்ல, டீ குடிக்கறப்ப."

"சொன்னேன். இல்லன்னு சொல்லலையே. அதுக்குத்தாம்மா உனக்காகப் பேசிக்கினு இருக்கேன்."

"எனக்காகப் பேசாதீங்கண்ணா. அந்த இடத்துக்காகப் பேசுங்க."

அவர் "யோசி" என்று சொல்லி வைத்தார். குரலில் கோபம் இல்லை. அவளுக்கு அதுதான் சங்கடமாக இருந்தது.

இதை யார் வழியாகவோ கேள்விப்பட்ட கல்லூரி முதல்வர் வெங்கடேசன் அவளைக் கூப்பிட்டு, "மனுவை வாபஸ் வாங்கிக்கங்கம்மா. பெட்டிஷன் போட்டவங்களை எங்கயும் எடுக்க மாட்டாங்க. இங்கயும் மேனேஜ்மென்ட் கேக்கும்," என்றார். "நாளைக்கு காலேஜ் நெட்டை யூஸ் பண்ணிக்கறேன்னு சொன்னீங்க. வேணாமே. நமக்கு எதுக்கு வம்பு?"

"சரிங்க சார்," என்று சொல்லிவிட்டு அருள்மொழி அம்சவள்ளிக்கு போன் செய்தாள்.

*

அம்சவள்ளி மூலைக் கேபினைத் துடைத்து வைத்திருந்தார். பின்புறச் சுவரில் ஒட்டியிருந்த பான் கார்டு விளம்பரத்தின் மேல் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டியிருந்தார். கீழே பேருந்து நிலையத்தில் முப்பது நாற்பது பேர் பதாகையுடன் கூடியிருந்தார்கள். கடைகள் திறந்திருந்தன. பேருந்துகள் மெதுவாக ஓடின. கோஷம் கண்ணாடி ஜன்னல் வழியாகக் கேட்டது.

"சத்தம் ஜாஸ்தியா இருக்குதே டீச்சர், ஜன்னலை மூடட்டா?"

"மூடாதீங்கக்கா. புழுங்குது."

பதினொன்றரைக்குத் திரையில் ஐந்து முகங்கள் தோன்றின. நடுவில் துறைத் தலைவர், அறுபது வயதுக்காரர், நரைத்த தாடி. ஓரத்தில் வெளியிலிருந்து வந்த வல்லுநரான ஒரு பெண்மணி. பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது.

முதல் பத்து நிமிடம் அவள் தன் ஆய்வைச் சொன்னாள். தூய சிர்கோனியா என்ற பீங்கான் பொருள் சூடாகி ஆறும்போது விரிசல் விடும். அதில் சிறிதளவு இட்ரியம் சேர்த்தால் நிலைபெற்று நிற்கும். அந்தச் சேர்மானம் எங்கே உட்காருகிறது, பக்கத்து அணுக்களை என்ன செய்கிறது என்பதுதான் அவள் கணக்கு. முழுப் பொருளையும் எந்தக் கணினியாலும் கணக்கிட முடியாது. அதனால் சில அணுக்கள் கொண்ட ஒரு பெட்டியை எடுத்துக் கணக்கிட்டு, அதே பெட்டியை எல்லாப் பக்கமும் அடுக்கிக்கொண்டே போனதாகக் கொள்வார்கள். அதுதான் அவர்கள் தொழிலின் வழக்கம்.

தலைவர் முன்னால் சாய்ந்தார். "பெட்டியின் அளவை எப்படி முடிவு செய்கிறீர்கள்?"

"உங்கள் 2011 கட்டுரையைப் பின்பற்றுகிறேன், சார்."

அவர் முகம் மலர்ந்தது. சிறிய பெட்டிகளை வைத்துக் கணக்கிட்டவர்களை அந்தக் கட்டுரையில் அவர் கடுமையாகக் கண்டித்திருந்தார். துறையில் பலரும் மேற்கோள் காட்டும் கட்டுரை அது.

"சொல்லுங்கள், சிறிய பெட்டியில் என்ன பிழை வரும்?"

அருள்மொழி அடுத்த படத்தைப் போட்டாள். ஐந்து வட்டங்கள் கொண்ட ஒரு பெட்டி. "சேர்மானம் பதினான்கில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஐந்து அணுக்கள் உள்ள பெட்டியில் அதற்கு இடமே வராது. அந்தப் பெட்டியை ஆயிரம் முறை அடுக்கினாலும் ஐயாயிரம் அணுக்களில் ஒன்றுகூட வராது. பொருளில் அது இருக்கிறது. நம் கணக்கில் இல்லை. பிறகு நாம், இந்தப் பொருளில் அது இல்லை என்று எழுதிவிடுவோம்."

"மிகச் சரி. அடிப்படைப் பிழை," என்றார் தலைவர். "என் முதலாண்டு மாணவர்கூட இதைச் செய்யமாட்டார்."

"அப்படியானால் துறை ஏன் செய்தது, சார்?"

அவள் அடுத்த படத்தைப் போட்டாள். அதே ஐந்து வட்டங்கள். கீழே இரண்டு விளம்பரங்களின் கடைசிக் கட்டங்கள். பல்கலைக்கழகத்தின் நாற்பத்தொரு துறைகளும் நாற்பத்தொரு பெட்டிகளாக. முப்பத்தாறு பெட்டிகளில் பதினான்கு வட்டம் இல்லை. எல்லாப் பெட்டியையும் ஒன்றாகச் சேர்த்தால் பழங்குடியினருக்கு இருபது இடங்களுக்கு மேல். தனித்தனியாக எண்ணினால் ஐந்து. எண்களை எல்லாம் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலிருந்தே எடுத்திருந்தாள்.

கீழிருந்து கோஷம் ஏறி இறங்கியது.

"என்ன சத்தம் அது?" என்றார் ஓர் உறுப்பினர்.

"இதே விஷயம்தான், சார். கீழே தெருவில்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "இது நேர்காணல். இது அரசியல் மேடை அல்ல. நாங்கள் நீதிமன்றத்தின் தீர்ப்புப்படி நடக்கிறோம்."

"நடக்க வேண்டியதுதான், சார். ஆனால் இங்கே இருப்பவர்கள் ஐந்து பேரும் இந்தத் தொழில்காரர்கள். பெட்டி சிறியது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் யாராவது ஒருவர் ஒரு வரி எழுதினீர்களா? ஆட்சேபம் என்று?"

வெளி வல்லுநர் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு தலைவர், பேச்சை அதே இடத்தில் முடிக்க விரும்புகிறவர் போல, "உங்கள் மனுவைத் திரும்பப் பெற உத்தேசம் உண்டா?" என்று கேட்டார்.

"இல்லை."

"இந்தப் பதவிக்கு நீங்கள் பொதுப் போட்டியில்தானே வந்திருக்கிறீர்கள்?"

"ஆமாம். அதற்கும் தகுதி இருக்கிறது. இல்லை என்று தோன்றினால் என் கணக்குகளில் எது தவறு என்று எழுதித் தாருங்கள். அதையும் ஆணையத்துக்கு அனுப்புகிறேன்."

திரை அணைந்தது. பத்தொன்பது நிமிடம் ஆகியிருந்தது.

"முடிஞ்சிதா டீச்சர்? வேலை கெடச்சிடுமா?"

"கெடைக்காதுக்கா."

"அப்புறம் எதுக்கு மொகத்துல சிரிப்பு?"

"தெரியலக்கா," என்றாள் அருள்மொழி. "தண்ணி இருக்குதா?"

*

இரண்டு நாள் கழித்து, மார்ச் ஏழாம் தேதி, அவசரச் சட்டம் வந்தது. மறுபடியும் பல்கலைக்கழகம் முழுவதையும் ஒன்றாக எண்ண வேண்டும். அந்த நேர்காணலின் முடிவு அறிவிக்கப்படவே இல்லை. ப்ராஜெக்ட் வேலை வேறொருவருக்குப் போனது. ஏப்ரலில் கல்லூரி அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வெங்கடேசன் அதைச் சொல்லும்போது மேசையிலிருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே இருந்தார். கணினியில் அப்போது ஓடிக்கொண்டிருந்த வேறொரு கணக்கு முடிய நான்கு நாள் பாக்கி இருந்தது. அந்த நான்கு நாளை மட்டும் அவள் கேட்டு வாங்கினாள். கரண்டு போகவில்லை.

ஒரு நாள் தெய்வசிகாமணி மறுபடியும் கூப்பிட்டார்.

"அருளு, புதுப் பட்டியல் தயார் பண்ற கமிட்டியில என்னைப் போட்டிருக்காங்க. நாற்பத்தொரு துறையையும் சேர்த்து எண்ணணும். நீ ஒரு படம் காட்டினியாமே, அதை அனுப்பறியா? தலைவரே கேட்டாரு."

"அவரே கேட்டாரா?"

"நேரடியா கேக்கல. 'அந்தப் பொண்ணுகிட்ட எண்ணெல்லாம் சரியா இருந்துச்சு'ன்னாரு."

"அனுப்பறேண்ணா. ஆனா அடியில எம்பேரு இருக்கணும். பேரை எடுத்துட்டுப் போடறதா இருந்தா வேணாம்."

"கமிட்டி ரிப்போர்ட்ல எப்படிம்மா பேரு..."

"கட்டுரைல போடுவீங்க இல்ல? அதே மாதிரி."

மறுமுனையில் அவர் பெருமூச்சு விட்டார். பிறகு சிரித்தார். "நீ திருந்தவே மாட்ட. போடறேன். சண்டை போட்டாவது போடறேன்."

அவர் போட்டாரா என்று அவளுக்குத் தெரியாது. மூன்றாவது விளம்பரம் ஆகஸ்டில் வந்தது. கடைசிக் கட்டத்தில் 'பழங்குடியினர்' திரும்பி வந்திருந்தது. விண்ணப்பத்தில் புதிதாக ஒரு கேள்வியும் சேர்ந்திருந்தது: இப்பல்கலைக்கழகத்துக்கு எதிராக உங்கள் மனு அல்லது வழக்கு ஏதேனும் நிலுவையில் உள்ளதா?

வெற்றிவேல் அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். ஜீப்பைக் கீழே நோ பார்க்கிங்கில் விட்டிருந்தான்.

"உனக்குன்னே கேட்டிருக்கானுங்கக்கா. இல்லன்னு போடு. இடம்தான் திரும்ப வந்துடுச்சே, மனு இன்னாத்துக்கு இனிமே?"

"ஒண்ணரை வருஷம் இந்த இடம் எங்க போச்சுன்னு அவங்க இன்னும் சொல்லலியே."

"சொன்னா மட்டும்?"

"சொன்னா வாபஸ் வாங்கிக்கறேன்."

"ஆமான்னு போட்டா எடுக்க மாட்டானுங்க."

"இப்ப ஜீப்புல இருபத்து மூணாம் நெம்பர்காரி ஏறலன்னு வச்சிக்கோ. நீ இன்னா பண்ணுவ?"

"கூப்புடுவேன். ரெண்டு தபா கூப்புடுவேன்."

"ஏறவுடாம தள்ளுனா?"

அவன் யோசித்தான். "குஞ்சம்மா அத்தை ரோட்டுல குந்திக்கும்."

"அவ்ளோதான்."

அவள் 'ஆம்' என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்தாள். கேட்டிருந்தது ஒரு வரி விவரம். அவள் மனுவின் எண்ணையும் தேதியையும் எழுதி, பதினான்கு பக்க மனுவை முழுதாக இணைத்தாள். அம்சவள்ளி கேட்காமலேயே பிரிண்டரை ஓடவிட்டு, புது விண்ணப்பத்தை எடுத்துப் பழைய இரண்டோடு சேர்த்து ஒரே பின்னில் குத்திக் கொடுத்தார்.

கீழே போலீஸ்காரர் ஜீப்பைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"யக்கா, சீக்கிரம். ஸ்டாண்டுல வண்டி நெம்பர் போயிடும்."

"போய் நில்லுடா. வர்றேன்," என்று சொல்லிவிட்டு, அருள்மொழி விண்ணப்பத்தை முதல் வரியிலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்தாள். எதையும் மாற்றவில்லை. அனுப்பினாள்.